கடற்கரை ஊரில் பேஸ் கிட்டார்: கம்பியிலிருந்து தொடங்குங்கள்

வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவர்களுக்கு பேஸ் கிட்டாரின் வேலையைப் புரியவைப்பது எளிது. குமரி மாவட்டத்துக் கோயில் கொடைவிழாக்களில் புலவர் வீசுகோலால் வில்லைத் தட்டிக் கதை சொல்லும்போது எல்லோர் கண்ணும் அவர்மேல்தான் இருக்கும். பக்கத்தில் ஒருவர் மண்குடத்தின் வாயில் தட்டிக்கொண்டே இருப்பார். அந்தக் 'கும்' ஓசையை யாரும் தனியாகக் கவனிப்பதில்லை. ஆனால் குடக்காரர் ஒரு நிமிடம் கையை எடுத்துவிட்டால், உடுக்கையும் ஜால்ராவும் ஒலித்துக்கொண்டிருந்தாலும் பாட்டு தரையில் கால் ஊன்றாமல் மிதப்பது போலாகிவிடும். இசைக்குழுவில் குடத்தின் அந்த இடம் பேஸ் கிட்டாருக்கு உரியது. தேவாலயத்தில் நான்கு குரலில் பாடிப் பழகியவர்களுக்கு இன்னும் சுருக்கமாகச் சொல்லலாம்: பின்வரிசையில் நின்று பேஸ் என்ற கீழ்க்குரலைப் பாடுகிறவர் செய்யும் வேலையை விரலால் செய்வது.

கடலோரத் தேவாலயப் பங்கு ஒன்றின் பாடகர் குழுவில் இருபது ஆண்டுகளாக பேஸ் வாசிக்கிறேன். விருப்பமுள்ள பிள்ளைகளுக்குச் சொல்லியும் தருகிறேன். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி, "எந்த பெடல் வாங்கலாம்?" என்பது. கிட்டாருக்கும் ஒலிபெருக்கியான ஆம்புக்கும் நடுவே வைத்து, காலால் அழுத்தி ஓசையை மாற்றும் சிறு பெட்டிதான் பெடல். ஓசை மந்தமாக இருக்கிறது, இணையத்தில் கேட்கும் பேஸ் போல இல்லை, அதனால் பெடல் வேண்டும் என்று நினைக்கிறார்கள். நான் முதலில் கம்பியைப் பார்க்கச் சொல்வேன்.

சென்ற ஆண்டு கடியபட்டணம் பக்கத்திலிருந்து பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவன் பழைய பேஸ் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தான். "அண்ணா, இதில் பிக்கப் போய்விட்டது என்று நினைக்கிறேன். மாற்ற எவ்வளவு ஆகும்?" என்றான். கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்தான் பிக்கப். கிட்டாரை மடியில் வைத்து, தடித்த கம்பியின்மேல் ஒரு வெள்ளைத் துணியை மேலிருந்து கீழாக ஓட்டினேன். துணியில் செம்பழுப்பு நிறத்தில் நீளமாக ஒரு கோடு விழுந்தது. கம்பியைச் சுற்றியிருந்த இழைகளின் இடுக்கெல்லாம் துருவும் வியர்வையும் அழுக்கும் சேர்ந்து சாந்து பூசியது போல அடைந்திருந்தன. "மக்களே, பிக்கப் நன்றாகத்தான் இருக்கிறது. கம்பிதான் செத்துவிட்டது" என்றேன். புதுக் கம்பி போட்டு முதல் தட்டு தட்டியதும் அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

கம்பி 'சாவது' எப்படி என்று புரிந்துகொண்டால் இந்தக் கருவியில் பாதி புரிந்துவிடும். நான்கு கம்பி பேஸில் தடித்ததிலிருந்து மெல்லியது வரை இ, ஏ, டி, ஜி என்று சுருதி சேர்ப்போம். சாதாரண கிட்டாரின் தடித்த நான்கு கம்பிகளுக்கும் இதே பெயர்கள்தான். பேஸில் அவை ஒரு ஸ்தாயி கீழே இருக்கின்றன. இ கம்பி நொடிக்கு ஏறக்குறைய 41 முறை அதிர்கிறது, ஜி கம்பி 98 முறை. ஆனால் எந்தக் கம்பியும் ஒரே ஒரு வேகத்தில் மட்டும் அதிர்வதில்லை. 41 அதிரும்போதே அதன் இரட்டிப்பான 82, மும்மடங்கான 123 என்று மேலே மேலே துணையதிர்வுகளும் கூடவே எழுகின்றன. கைப்பேசியின் சிறிய ஸ்பீக்கரால் 41-ஐ ஒலிக்கவே முடியாது. இருந்தும் அதில் நமக்கு பேஸ் கேட்கிறது. மேலே உள்ள துணையதிர்வுகளைக் கொண்டு நம் காதே அடிச்சுரத்தை ஊகித்துக்கொள்கிறது. கம்பியில் அழுக்கு ஏறினால் எடை அங்கங்கே கூடி, முதலில் போவது இந்தத் துணையதிர்வுகள்தான். மிஞ்சுவது வெறும் 'தொம்'. மேடையில் எவ்வளவு சத்தம் கூட்டினாலும் எந்தச் சுரம் வாசிக்கிறீர்கள் என்று கேட்பவருக்குத் தெரியாது.

வேறு ஊர்களில் மாதக்கணக்கில் நிகழும் இந்தச் சாவு நம் கரையில் விரைவாக வருகிறது. முட்டமோ குளச்சலோ தேங்காய்ப்பட்டணமோ, கடலுக்கு அருகே ஜன்னலைத் திறந்து வைத்திருக்கும் வீட்டில் கதவுக் கொண்டியே சில மாதங்களில் துருப்பிடிப்பதைப் பார்க்கிறோம். காற்றில் மிதக்கும் உப்பு ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். உப்பும் ஈரமும் சேர்ந்த இடத்தில் எஃகு தாங்காது. போதாக்குறைக்கு ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை, அக்டோபர் முதல் வடகிழக்குப் பருவமழை என்று நமக்கு இரண்டு மழைக்காலங்கள். மலையோரத்தில் குலசேகரம் பக்கம் இருப்பவர்களுக்கு உப்பின் தொல்லை குறைவு, ஈரம் அவர்களுக்கும் உண்டு.

ஆகவே கம்பியைத் தேர்ந்தெடுக்கும்போது ஓசையோடு ஊரையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். பேஸ் கம்பியின் நடுவே ஓர் எஃகு இழை இருக்கும்; அதன்மேல் இன்னொரு கம்பியைச் சுற்றியிருப்பார்கள். சுற்றும் கம்பி உருண்டையாக இருந்தால் அது ரவுண்ட்வுண்ட். தேங்காய்நார்க் கயிற்றைப் போல விரலுக்கு மேடுபள்ளம் தெரியும். ஓசை பளிச்சென்று, பியானோவின் கீழ்ச்சுரம் போல இருக்கும். கடைகளில் விற்கும் பேஸ்களில் பெரும்பாலும் இதுதான் பூட்டியிருக்கும். சுற்றும் கம்பி நாடா போலத் தட்டையாக இருந்தால் அது ஃபிளாட்வுண்ட். வழவழப்பாக இருக்கும், விரல் வழுக்கும்போது கீச்சொலி வராது. ஓசை உருண்டையாக, கொஞ்சம் அடங்கியதாக, பழைய இசைத்தட்டுகளில் கேட்பது போல இருக்கும்.

எங்கள் பகுதிக்கு, குறிப்பாகப் பாடகர் குழுவில் வாசிப்பவர்களுக்கு, நான் பரிந்துரைப்பது ஃபிளாட்வுண்ட். அதன்மேல் உப்பும் வியர்வையும் போய் ஒளிந்துகொள்ளப் பள்ளங்கள் குறைவு. துடைத்தால் பெரும்பாலும் போய்விடும். முதலில் விலை கூடுதலாகத் தெரியும், ஆனால் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். அதன் அடங்கிய ஓசை குரல்களோடு மோதாது. அமெரிக்காவின் மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்துக்காக 1960களில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் இவ்வகைக் கம்பியைத்தான் பயன்படுத்தினார். அறுந்தால் ஒழிய அதை மாற்றாதவர் என்று பெயர் பெற்றவர். உலகம் முழுதும் பேஸ் கற்பவர்கள் இன்றும் அவர் வாசிப்பைப் பிடித்துப் பழகுகிறார்கள். துள்ளலான மெல்லிசை வாசிக்கிறீர்கள், கட்டைவிரலால் அறைந்து வாசிக்கும் பாணி பிடிக்கும் என்றால் ரவுண்ட்வுண்ட் இல்லாமல் முடியாது. அப்போது நுண்ணிய மேற்பூச்சு போட்டு வரும் கம்பியைப் பாருங்கள். துருவை அது வெகுவாகத் தள்ளிப்போடும். துருவை எதிர்க்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியும் உண்டு. அது கூரான ஓசை உடையது, கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் ஃப்ரெட் என்ற உலோகப் பட்டிகளைச் சற்று வேகமாகத் தேய்க்கும்.

உறையின்மேல் 45-105 என்று அச்சிட்டிருப்பது தடிமன். ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் மெல்லிய கம்பி 45 பங்கு, தடித்தது 105 பங்கு. தொடங்குபவர்களுக்கு 45-100 அல்லது 45-105 போதும். இன்னொன்றையும் மறக்காமல் பாருங்கள்: உங்கள் பேஸின் ஸ்கேல் நீளம். கம்பி அதிரும் பகுதியின் நீளத்தைத்தான் ஸ்கேல் என்கிறார்கள். பெரும்பாலான பேஸ்களில் அது 34 அங்குலம், சிறியவற்றில் 30. சிறிய பேஸுக்கு நீளக் கம்பி வாங்கி வந்து, தடித்த பகுதியை, தலைப்பகுதியில் சுருதி சேர்க்கத் திருகும் முளையில் சுற்ற முயன்று கம்பியைப் பாழாக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கம்பி மாற்றுவதில் ஒரு நுணுக்கம் உண்டு. பேஸின் நான்கு கம்பிகளும் சேர்ந்து ஏறக்குறைய 80 கிலோ இழுவிசையைக் கழுத்தின்மேல் சுமத்துகின்றன. எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றாமல் ஒவ்வொன்றாக மாற்றினால் கழுத்து திடீரென்று நிமிராது. புதுக் கம்பியை, உடலின்மேல் கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் பாலத்தில் கோத்து, சுற்ற வேண்டிய முளைக்கு அப்பால் ஒரு விரற்கடை அல்ல, ஒரு கையகலம் விட்டு அளந்துகொள்ளுங்கள். வெட்டும் முன், வெட்டப்போகும் இடத்துக்குச் சற்று இப்பால் கம்பியை இடுக்கியால் செங்குத்தாக மடக்குங்கள். மடக்காமல் வெட்டினால் உள் இழையைச் சுற்றியிருக்கும் கம்பி பிரிந்து தளரும். அன்றே அந்தக் கம்பி உயிர் இழந்துவிடும். மடக்கிய பிறகு வெட்டி, முனையை முளையின் நடுத்துளைக்குள் இறக்கி, மேலிருந்து கீழாக இரண்டு மூன்று சுற்று வரும்படி முறுக்குங்கள்.

பிறகு பராமரிப்பு. வாசித்து முடித்ததும் பழைய பருத்தி வேட்டித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் தனியாகப் பிடித்து, அடிப்பக்கமும் சேர்த்துத் துடையுங்கள். துணி படாமல் விடுபடும் அடிப்பக்கத்திலும் துரு தொடங்கும். பிறகு உறைக்குள் வைத்து மூடுங்கள். புதுச் செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலங்கள் இரண்டையும் உள்ளே போடலாம். கடலைப் பார்த்த சுவரில் அழகுக்காக மாட்டிவைக்க வேண்டாம். நம் வீடுகளில் எதற்கும் தேங்காய் எண்ணெய் எடுக்கும் பழக்கம் உண்டு. கம்பிக்கு மட்டும் அதைத் தடவாதீர்கள். இடுக்கில் பிசினாகி, தூசியைச் சேர்த்துக்கொண்டு ஓசையை அடைத்துவிடும். பாலத்தின் சிறு திருகுகளுக்குத் தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி போதும். அழுக்கேறிய கம்பியைக் கொதிநீரில் போட்டு எடுத்தால் ஓசை திரும்பும் என்று சொல்வார்கள். அழுக்கு போவதால் சில நாட்களுக்கு உண்மையிலேயே திரும்பும். ஆனால் முழுதாக உலராவிட்டால் துரு முன்னைவிட வேகமாக வரும். நம் காற்றில் எதுவும் முழுதாக உலர்வதில்லை.

இனி கிட்டார். 1951-இல் அமெரிக்கக் கருவி தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் 'பிரிசிஷன் பேஸ்' என்ற கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அதுவரை பெரும்பாலும் ஆளுயர டபுள் பேஸை நின்றுகொண்டு, ஃப்ரெட் இல்லாத பலகையில் சுரத்தைத் தேடி அழுத்தி வாசித்தார்கள். ஃப்ரெட் வைத்ததால் சுரம் பிசகாமல் விழுந்தது. துல்லியம் என்று பொருள்படும் அந்தப் பெயர் அதனால் வந்தது. 1960-இல் அவர் நிறுவனமே 'ஜாஸ் பேஸ்' வகையையும் வெளியிட்டது. இன்று எந்தக் கம்பெனியின் எந்த விலை பேஸை எடுத்தாலும் பெரும்பாலும் இவ்விரண்டில் ஒன்றின் சாயல் தெரியும். கம்பி எஃகு, பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிய செம்புச் சுருள். காந்தத்தின்மேல் எஃகு அசைந்தால் சுருளில் மிகச் சிறிய மின்சாரம் பிறக்கிறது, ஆம்ப் அதைப் பெருக்குகிறது. பிரிசிஷன் வகையில் இந்தச் சுருளை இரண்டு துண்டாகப் பிரித்து, எதிரெதிராக இரைச்சலைத் தள்ளும்படி அமைத்திருப்பார்கள். ஜாஸ் வகையில் இரண்டு தனிச் சுருள்கள். இரண்டையும் சம அளவில் திறந்து வைத்தால் இரைச்சல் அடங்கும், ஒன்றைக் குறைத்தால் 'ம்ம்ம்' என்று உறுமும். சீரியல் பல்புகளும் ஜெனரேட்டரும் சூழ்ந்த திருவிழா மேடையில் இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். ஜாஸ் வகையின் கழுத்து மேல்முனையில் ஏறக்குறைய 38 மில்லிமீட்டர் அகலம்தான், பிரிசிஷன் அதைவிட அகலம். சிறிய கை உள்ளவர்கள் இரண்டையும் பிடித்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு 30 அங்குல ஸ்கேல் போதும்.

ஐந்து கம்பி பேஸ் பற்றிக் கேட்பார்கள். அதில் இன்னும் கீழே, நொடிக்கு 31 அதிர்வு கொண்ட பி கம்பி இருக்கும். நான்கில் ஓராண்டு பழகிய பிறகு அதைப் பார்க்கலாம். பேட்டரி போட்ட ஆக்டிவ் வகை வாங்கினால் ஒன்றை நினைவில் வையுங்கள்: கேபிளைச் செருகியிருக்கும்வரை உள்ளே 9 வோல்ட் பேட்டரி செலவாகிக்கொண்டே இருக்கும். வாசித்து முடித்ததும் கேபிளை உருவிவிடுங்கள்.

பழைய பேஸ் வாங்குவதில் தவறில்லை, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டால். தலைப்பகுதியிலிருந்து கழுத்தின் வழியே, தச்சர் மரச்சட்டத்தைப் பார்ப்பது போல ஒரு கண்ணை மூடிப் பாருங்கள்; முறுக்கிக்கொண்ட கழுத்து என்றால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் அழுத்தித் தட்டுங்கள். பாலத்துத் திருகுகள் துருவில் ஒட்டிக்கொள்ளாமல் திரும்புகின்றனவா என்று பாருங்கள். கழுத்துக்குள் ஓடும் டிரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியின் முனையும் திரும்ப வேண்டும். கடற்கரைப் பக்கம் பயன்பட்ட கருவி என்றால் இந்த இரண்டும் மிக முக்கியம். தோளில் மாட்டிக் கையை விட்டுப் பார்க்கவும் மறக்காதீர்கள். தலை தரையை நோக்கிச் சாய்ந்தால் ஒவ்வொரு ஆராதனையிலும் இடது கை அதைத் தாங்கிக்கொண்டே வாசிக்க வேண்டியிருக்கும். நான்கு கிலோ எடையில் குறுகிய பட்டை தோளை அறுத்துவிடும். அகலமான பட்டை வாங்குங்கள்.

டிரஸ் ராட் எதற்கு என்றால், கம்பிகள் இழுக்கும் இழுப்புக்குக் கழுத்து வில் போல வளையாமல் பிடித்துக்கொள்ள. மழைக்காலத்தில் மரம் ஈரம் குடிக்கும், கழுத்து சற்று அசையும். சென்ற மாதம் சுகமாக இருந்த பேஸ் இந்த மாதம் விரலை வலிக்கச் செய்யும். சோதிப்பது எளிது. முதல் ஃப்ரெட்டையும், கழுத்து உடலோடு சேரும் இடத்து ஃப்ரெட்டையும் ஒரே கம்பியில் சேர்த்து அழுத்துங்கள். நடுவே ஏழாவது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் இடையில் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி இருக்கட்டும். கூடினால் டிரஸ் ராடின் முனையில் ஆலன் கீ என்ற அறுகோணச் சாவியைச் செருகிக் கடிகாரம் சுற்றும் திசையில் கால் சுற்று. மறுநாள் பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. பிடிவாதமாகத் திரும்ப மறுத்தால் விட்டுவிட்டுத் தெரிந்தவரிடம் கொடுங்கள். உடைந்த டிரஸ் ராடு கிட்டாரையே கொண்டுபோய்விடும்.

இவ்வளவும் சரியான பிறகுதான் பெடல். முதலில் வாங்க வேண்டியது டியூனர் பெடல். ஓசை எதுவும் கூட்டாது. பாடலுக்கும் பாடலுக்கும் நடுவே சத்தமின்றிச் சுருதி சேர்க்க உதவும். சுருதி பிசகிய பேஸை எந்த பெடலும் காப்பாற்றாது.

அடுத்து கம்ப்ரெசர். புதியவர்களுக்குப் புரியாததும் அதிகம் உதவுவதும் இதுதான். தொடங்குபவரின் விரல் ஒரு சுரத்தை ஓங்கித் தட்டும், அடுத்ததை மெல்லத் தொடும். கம்ப்ரெசருக்குள் ஒரு கை ஒலியளவுக் குமிழைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். குறிப்பிட்ட அளவை ஓசை தாண்டினால் அந்தக் கை சட்டென்று இறக்கிவிடும். எந்த அளவில் இறக்கத் தொடங்குவது என்பது திரெஷோல்டு, எவ்வளவு இறக்குவது என்பது ரேஷியோ. ரேஷியோ 4:1 என்றால், அளவைத் தாண்டி நான்கு டெசிபல் எழுந்த ஓசை ஒரே டெசிபலாக வெளியே வரும். எவ்வளவு விரைவாக அந்தக் கை பாய்வது என்பது அட்டாக். அட்டாக்கை மிக விரைவாக வைத்தால் விரல் கம்பியைத் தொடும் அந்த முதல் 'டக்' நசுங்கி, பேஸ் பின்னால் போய்விடும். கொஞ்சம் தாமதமாக வையுங்கள். சீரான விரலைப் பழகும்வரை கம்ப்ரெசரை அணைத்துவிட்டே பயிற்சி செய்யுங்கள். இல்லாவிட்டால் உங்கள் தவறு உங்கள் காதுக்கே கேட்காது.

ஓவர்டிரைவ் ஓசைக்குக் கரகரப்பு தரும். சாதாரண கிட்டாருக்காகச் செய்தவை பல அடிச்சுரத்தை வெட்டிவிடும். கிட்டாருக்கு அது நல்லது, பேஸுக்கு உயிரே போய்விடும். ஆகவே பிளெண்ட் குமிழ் உள்ள, பேஸுக்கென்றே செய்த பெடல் வேண்டும். பிளெண்ட் என்பது சுத்தமான ஓசையை அப்படியே வைத்து அதன்மேல் கரகரப்பைக் கலப்பது. பலர் சேர்ந்து வாசிப்பது போல ஓசையை விரிக்கும் கோரஸ், ஒரு ஸ்தாயி தள்ளி அதே சுரத்தைச் சேர்க்கும் ஆக்டேவ் போன்றவற்றை நண்பரிடம் வாங்கி வாசித்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். எதிரொலி சேர்க்கும் டிலேயும் ரிவெர்பும் பேஸில் குறைவாகவே நல்லது. உயரமான கல் தேவாலயத்துக்குள் எதிரொலி ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கிறது. வரிசை: டியூனர், கம்ப்ரெசர், ஓவர்டிரைவ், கோரஸ், கடைசியில் டிலே. பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட், நடுமுனை நெகட்டிவ் அடாப்டர். வீட்டில் கிடக்கும் ஏதோ ஓர் அடாப்டரைச் செருகும் முன் அதன்மேல் உள்ள படத்தைப் பாருங்கள். முனை மாறினால் பெடல் எரிந்துபோகலாம்.

மேடையில் ஆம்ப் இல்லாமல் நேராக ஒலியமைப்பாளரின் மிக்ஸரில் கொடுப்பதே இப்போது வழக்கம். நடுவில் டிஐ பாக்ஸ் வையுங்கள். பேஸிலிருந்து வரும் மெலிந்த சமிக்ஞை நீளக் கேபிளில் கூர்மையை இழந்து இரைச்சலைச் சேர்த்துக்கொள்ளும். டிஐ பாக்ஸ் அதை மைக் கேபிளில் நெடுந்தூரம் போகத்தக்கதாக மாற்றித் தருகிறது. அதன் பக்கவாட்டில் கிரவுண்ட் லிஃப்ட் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். உறுமல் கேட்டால் அதைத் தட்டிப் பாருங்கள்.

உறுமலைப் போக்க ஆம்பின் மூன்று முனைப் பிளக்கில் எர்த் முனையைச் செருகாமல் விடும் பழக்கம் பல மேடைகளில் உண்டு. அதை ஒருபோதும் செய்யாதீர்கள். பேஸின் கம்பிகள் பாலம் வழியாக ஆம்பின் எர்த்தோடு இணைந்திருக்கின்றன. எர்த் இல்லாத ஆம்பில் கசிவு வந்தால் அந்த மின்சாரம் உங்கள் விரலில் நிற்கும். நீங்கள் பாட வாயை மைக்கின் அருகே கொண்டுபோனதும் உடல் வழியாகப் பாயும். டிசம்பர் மாதத் திருவிழா மேடைகளில் தரை நனைந்திருக்கும், கால் வெறுங்காலாக இருக்கும், மின்சாரம் ஜெனரேட்டரிலிருந்து வரும். வாசிக்கத் தொடங்கும் முன் டெஸ்டரின் முனையை மைக்கின் வலைமேலும், கேபிள் செருகிய பேஸின் பாலத்தின்மேலும் வைத்துப் பாருங்கள். விளக்கு சிறிதாக மினுங்கினாலும் பேஸையோ கேபிளையோ மைக்கையோ தொடாமல், மின்சாரத்தை நிறுத்தச் சொல்லி, மின்பணியாளர் வந்து சரிசெய்யும்வரை மேடையை விட்டு இறங்கி நில்லுங்கள்.